மாதம் ஒரு நன்றிக் கடிதம்

என்னைப் படிக்க வைத்தவர் மீது எனக்கு மரியாதை கிடையாது. அன்றும் இல்லை, அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் ஆன பிறகும் வரவில்லை. படிக்க வைத்தவரை இப்படிச் சொல்லலாமா என்று என் பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள். எப்படிப் படிக்க வைத்தார் என்று அவர்கள் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆமத்தூரில் எங்களுக்குக் கரிசல் நிலம் இருந்தது. கிணறு இரண்டும் அடுத்தடுத்த கோடைகளில் வற்றிப்போக, வானம் பார்த்துப் பருத்தி போடுவதும் அது கருகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுமாக அப்பாவின் காலம் போயிற்று. பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்த நான் விருதுநகரில் புதிதாகத் தொடங்கியிருந்த தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர ஆசைப்பட்டேன். செலவுக்கு வழியில்லை. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியும் அச்சகமும் வைத்திருந்த ஒரு முதலாளி வருடத்துக்குப் பத்துப் பேரைப் படிக்க வைக்கிறார் என்று என் தாய்மாமன் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"நம்ம குடும்பத்துல கை நீட்டி வாங்குனவன் ஒருத்தன் கெடையாதுலே," என்றார் அப்பா. அதற்கு மேல் தடுக்கவில்லை. தடுத்தால் வேறு வழி சொல்ல வேண்டியிருக்கும்.

முதலாளியின் ஆபீசில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். மதிப்பெண் பட்டியலை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கையக் காட்டு," என்றார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பதுபோல ஒவ்வொருவனின் உள்ளங்கையையும் பார்த்தார். என் முறை வந்தபோது ஊரைக் கேட்டார். சொன்னேன். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையிடம் திரும்பி, "சம்சாரி வீட்டுப் பிள்ளைகளும் நம்மகிட்ட வருதுக, பாத்தீகளா!" என்றார். எங்கள் பக்கத்தில் சம்சாரி என்றால் சொந்த நிலத்தில் விவசாயம் பார்க்கிறவன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. ஒரு பையன் படிக்கப்போகிறானே என்ற சந்தோஷம் இல்லை அது. நிலம் வைத்திருந்தவன் வீட்டிலிருந்து ஒருவன் தன் வாசலுக்கு வந்துவிட்டான் என்ற சந்தோஷம். எனக்கும் உள்ளூரக் கொதித்தது. நேற்று வரை மிளகாய் மூட்டை சுமந்த குடும்பம் என்று மனதுக்குள் திட்டினேன். என் திட்டும் அவருடைய சந்தோஷத்தைவிட உயர்ந்தது இல்லை என்று அந்த வயதில் தெரியவில்லை.

கணக்கப்பிள்ளை நிபந்தனைகளைச் சொன்னார். "மாசம் பொறந்து அஞ்சு தேதிக்குள்ள ஆளுக்கு ஒரு நன்றிக் கடுதாசி வந்துறணும். முழுத்தாளு, ஒரு பக்கம் நெறைய இருக்கணும். தீவாளி சீசன்ல பதினஞ்சு நாளு நம்ம கம்பெனியில பயிற்சி. ஆண்டு விழாவுல மேடையேறி மொதலாளி கையால வாங்கிக்கிடணும். கால்ல விழுகணும்னு கட்டாயம் இல்ல. விழுந்தா நல்லாருக்கும்."

பள்ளி, எண்ணெய்வித்து மூட்டைகள் அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியில் நடந்தது. மழைக்காலத்தில் சுவரிலிருந்து கடலைப் புண்ணாக்கு வாசனை கிளம்பும். காற்று திசை மாறினால் பஜாரிலிருந்து மிளகாய் நெடி வந்து வகுப்பே தும்மும். விருதுநகர் வியாபாரிகள் மகமை என்று ஒன்று வைத்திருந்தார்கள். விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிப் பொதுக் காரியத்துக்குக் கொடுப்பது. எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு அதிலிருந்துதான் வந்தது. எந்த மூட்டையிலிருந்து எங்கள் சோறு வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே யாரையும் கும்பிடாமல் வயிறாரச் சாப்பிட்டோம். சிவகாசி முதலாளிக்கு அந்த மாதிரிக் கொடுப்பதில் நம்பிக்கை இல்லை. பேர் தெரியாத தர்மம் அவர் கணக்கில் நஷ்டம்.

அவர் பள்ளிக்கு, இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் எந்திரம் ஒன்றும் கொடுத்திருந்தார். அதன் உடம்பில், 'அன்பளிப்பு' என்று தொடங்கி அவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. எங்கோ பல வருடம் ஓடிய பழைய எந்திரம். வந்த மூன்றாம் மாதமே பெல்ட் அறுந்தது. புதிய பெல்ட் வாங்கப் பள்ளியிலும் வழியில்லை, கேட்கத் தைரியமும் இல்லை. வாத்தியார் கரும்பலகையில் லேத்தை வரைந்து, "இப்ப இது சுத்துதுன்னு வச்சுக்கோங்க," என்று பாடம் நடத்தினார். நாங்களும் வைத்துக்கொண்டோம்.

பத்துப் பேரில் ஒருவன் எனக்கு நெருங்கிய கூட்டாளி ஆனான். சிவகாசிக்காரன். அப்பா இல்லை. அவன் அம்மா அதே முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். அவன் கையில் அரத்தைக் கொடுத்தால் இரும்பு வெண்ணெய் மாதிரி வழிந்து கொடுக்கும். பேனாவைக் கொடுத்தால் வியர்த்துவிடுவான். முதல் மாதக் கடிதத்துக்கு என்னிடம்தான் வந்தான்.

"ஏ சம்சாரி, எனக்கும் சேத்து எழுதிரு. ஒனக்குத்தான் நல்லா வருதுல்ல."

எனக்கு நன்றாக வந்தது, அதுதான் வினை. அவனுக்கு எழுதினேன். பிறகு மற்ற எட்டுப் பேரும் வந்தார்கள். மாதம் பத்துக் கடிதம். 'வள்ளல் பெருந்தகை அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்று தொடங்குவேன். ஒருவனுக்கு அவர் வானத்து மழை, இன்னொருவனுக்குப் பாலைவனத்து நிழல். பாலைவனத்தை நான் எங்கே பார்த்தேன்? ஒரே மாதிரி இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஆளுக்கு ஒரு குடும்பக் கதையும் சேர்த்தேன். ஒருவனின் தங்கை அவருக்காக நோன்பு இருந்தாள். இன்னொருவனின் தாத்தா சாகும்போது அவர் பெயரைச் சொன்னார். பத்துக்கும் கையெழுத்து ஒன்றுதான் என்பது எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுவேன், பையன்கள் உருண்டு சிரிப்பார்கள். கடிதங்களைப் படித்து அந்த ஆள் உச்சி குளிர்ந்துபோவதாக நினைத்தோம். அவரை நாங்கள் ஏமாற்றுகிறோம் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

அந்த வருடம் தீபாவளிக்கு முன் பயிற்சிக்குப் போனோம். பயிற்சி என்றால், மரப்பெட்டிக்கு ஆணி அடிப்பது. பட்டாசு அடுக்கிய பெட்டியை மூடி ஆணி அடித்து லாரியில் லோடு ஏற்ற வேண்டும். பதினைந்து நாளும் அதேதான். சீசன் நேரத்தில் கூலி ஆள் கிடைக்காது. எங்களுக்குக் கூலி கிடையாது. உதவித்தொகை வாங்குகிறவன் கூலி கேட்க முடியுமா? எவ்வளவு கெட்டிக்காரத்தனமான தர்மம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கம்பெனியின் கீழ்க்கோடியில் ஒரு ஓட்டுக் கொட்டகை. அங்கே வெடிமருந்து வேலை கிடையாது, வெடிக்கான காகிதக் குழாய் மட்டும் சுருட்டுவார்கள். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, பழைய தாளில் பசை தடவி, இரும்புக் கம்பியில் வைத்து உருட்டி உருவிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கூட்டாளியின் அம்மா அங்கேதான் இருந்தாள். ஒரு மத்தியானம் அவனுடைய தூக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவளுக்குப் பக்கத்தில் பழைய தாள் கட்டுக் கட்டாகக் கிடந்தது. கிழிந்த பாடநோட்டு, பரீட்சைத்தாள், அச்சகத்துக் கழிவு. மேலே கிடந்த கட்டில் என் கையெழுத்து இருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. பொற்பாதங்களுக்கு, பொற்பாதங்களுக்கு என்று தாள் தாளாக இருந்தது. ஐந்து மாதத்துக் கடிதங்கள்.

"என்ன தம்பி அப்படிப் பாக்கீக?" என்றாள் அவள்.

"இது நான் எழுதுனது."

"நீங்களா? முத்து முத்தா இருக்கே! நல்ல தாளு தம்பி. கெட்டியா இருக்கா, பசை சுருக்கப் பிடிக்கும். இந்தத் தாளு வந்தா நான் நீயின்னு எடுத்துக்கிடுவோம்." பிறகு ஆசையாகக் கேட்டாள். "என்ன எழுதியிருக்கீக? படிங்களேன், கேப்போம்."

கையில் வந்ததை எடுத்தேன். அது அவள் மகன் பெயரில் நான் எழுதியது; அதையும் அவளிடம் சொன்னேன். அந்த நிலையிலும் என் எழுத்தை ஒருத்தி கேட்கிறாள் என்ற கர்வத்தில் ஏற்ற இறக்கத்தோடு படிக்க ஆரம்பித்துவிட்டேன். பாதியில் அந்த வரி வந்தது. 'என்னைப் பெற்ற தாய் தினந்தோறும் தங்கள் திருவுருவப் படத்துக்கு விளக்கேற்றிக் கண்ணீர் மல்க வணங்கிய பின்னரே கஞ்சி குடிக்கிறாள்.'

அவள் கை நின்றது. பிறகு சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"நானா? வெளக்கா? ஏத்தா, கேட்டியா கதைய! எங்க வீட்டுல சாமிக்கே வெள்ளிக்கெழமைதான் எண்ணெ. இவருக்குத் தெனமும் யாரு ஊத்துறா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நான் கும்பிடுறேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா தம்பி?"

"யாரும் சொல்லல. சும்மா எழுதுனேன்."

"சும்மாவா." பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ஒங்க ஆத்தாவும் கும்பிடுறாகளா? அவுகளையும் எழுதியிருக்கீகளா?"

நான் எழுதியிருக்கவில்லை. பத்து வீட்டில் ஒன்பது வீட்டாரை அந்த ஆளின் காலில் விழ வைத்த நான், என் அம்மாவைப் பற்றி ஒரு எழுத்து எழுதியது கிடையாது. அது எனக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அவள் என் கையிலிருந்த தாளை வாங்கிக் கம்பியில் வைத்தாள். பசையைத் தடவி ஒரே உருட்டில் சுருட்டி, மற்றக் குழாய்களோடு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். முதலாளியை நான் வெறுத்ததைவிட அவள் என்னை அப்போது கேவலமாக நினைத்தாள். அது நியாயம்.

அன்று சாயங்காலம் கூட்டாளியிடம் சொன்னேன். "இனிமே ஒரு கடுதாசியும் எழுத மாட்டேன்லே. அவரு படிக்கவே இல்ல. ஒங்க ஆத்தா அதுல குழாய் சுருட்டுது."

"எனக்குத் தெரியுமே," என்றான். "ஆத்தா ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே ஒரு தாளு கொண்டாந்து காட்டுச்சு. அதுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு ஒன் எழுத்து தெரியாதா?"

"தெரிஞ்சுமா எழுதச் சொன்ன?"

"அவரு கேட்டது கடுதாசி. கொடுத்தோம். வெடிக்குள்ள போனா என்ன, அடுப்புக்குள்ள போனா என்ன?"

எனக்கு அவன் மீதும் வெறுப்பு வந்தது. அவனவன் கடிதத்தை அவனவன் எழுதிக்கொள்ளட்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் பங்குக்கு, 'உதவித்தொகை கிடைத்தது' என்ற ஒரே வரியை முழுத்தாளில் எழுதி அனுப்பினேன். பெரிய கலகம் செய்துவிட்டதாக நினைப்பு. ஒரு பதிலும் வரவில்லை. தாளை எண்ணி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மாட்டியது கூட்டாளிதான். பொய் எழுதத் தெரியாத அவன், பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று, பெரிய பெரிய எழுத்தில் மனதில் இருந்ததை எழுதியிருந்தான். 'தாங்கள் செய்யும் உதவிக்கு நன்றி. தாங்கள் கொடுத்த லேத் பெல்ட் அறுந்து ஓடவில்லை. பெல்ட் வாங்கிக் கொடுத்தால் பத்துப் பேரும் தொழில் கற்றுக்கொள்வோம்.' எழுத்து பெரிதாக இருந்ததால் கணக்கப்பிள்ளையின் கண்ணில் பட்டுவிட்டது. பஸ் ஏறி எங்கள் பள்ளிக்கே வந்துவிட்டார்.

"யாருலே இது? மொதலாளி பேரு போட்ட எந்திரம் ஓடலைன்னு எழுதுனவன்?" கூட்டாளி முன்னால் போய் நின்றான். "நன்றிக் கடுதாசின்னா நன்றி மட்டும் எழுதணும்லே. கேட்டு வாங்குறதுக்கு இது என்ன மகமையா? ஆண்டு விழாவுக்கு மொதலாளி வாறாக. எல்லாரும் பாக்க மன்னிப்புக் கேட்டாத்தான் ஒனக்கு அடுத்த வருசம்."

தலைமை ஆசிரியர் கணக்கப்பிள்ளைக்குப் பன்னீர் சோடா வாங்கிவரச் சொன்னார். பெல்ட் வாங்க வழியில்லாத பள்ளியில் சோடாவுக்கு வழி இருந்தது.

அந்த வாரம் கூட்டாளி என்னோடு ஆமத்தூருக்கு வந்தான். எங்கள் கிணற்று மேட்டில் பழைய கமலை கிடந்தது. மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்துத் தோல் சால் அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை இழுத்துப் பார்த்தான், மடித்துப் பார்த்தான். அப்பாவிடம் நேராகப் போய், "ஐயா, இந்தத் தோல நான் எடுத்துக்கிடட்டுமா?" என்றான்.

"என்னத்துக்குலே?"

"லேத்துக்கு பெல்ட் தைக்கணும்."

"தண்ணி இல்லாத கெணத்துக்குத் தோலு எதுக்கு? எடுத்துட்டுப் போ," என்றார் அப்பா. பிறகு அவரே அரிவாளைக் கொண்டுவந்து அறுத்துக் கொடுத்தார். கையும் தோலும் கறுப்பாகிற மட்டும் விளக்கெண்ணெய் தேய்த்துப் பதப்படுத்தியதும் அவர்தான். கையேந்துவது பற்றி அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விருதுநகரில் செருப்புத் தைப்பவர் ஒருவர் தோலை இரட்டையாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு லேத் ஓடியது. இத்தனை மாதமாகக் கரும்பலகையில் மட்டுமே சுற்றிய எந்திரம் கண்ணெதிரே சுற்றியபோது, வாத்தியார் போய்க் கரும்பலகைப் படத்தை அழித்தார்.

விழா நாளில் முதலாளி பட்டுச் சட்டையும் கழுத்து நிறைய மாலையுமாக வந்து பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "ஓடலைன்னு எவனோ எழுதுனான்னீக? எப்படி ஓடுது பாத்தீகளா! நம்ம வாங்கிக் கொடுத்தா சோடை போகுமா?" என்றார். எங்கள் கிணற்றுத் தோல் அவர் மூக்குக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தட்டிக் கொடுக்கப் போனார். நல்ல வேளை, வாத்தியார் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

மேடையில் முதலில் கூட்டாளியைக் கூப்பிட்டார்கள். அவன் போனான், சாஷ்டாங்கமாக விழுந்தான், எழுந்தான், உறையை வாங்கிக்கொண்டு இறங்கினான். மூட்டை தூக்கக் குனிவதுபோல அத்தனை சாதாரணமாகக் குனிந்தான். அதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு கையாட்டினார். நான் பெஞ்சை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் முதலாளியின் குரல் கேட்டது. "வரலையா? விடுங்க. சம்சாரி வீட்டுப் பிள்ளைக்கு வயிறு நெறஞ்சிருக்கு போல." கூட்டம் சிரித்தது. என் கூடப் படித்தவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு உதவித்தொகை நின்றது. மிச்சம் இருந்த ஒரு வருடத்துக்கு அப்பாதான் கட்டினார். எங்கே புரட்டினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "அன்னைக்கே சொன்னேம்லா," என்று மட்டும் சாகும்வரை சொன்னார். நான் வரைபடம் போடும் வேலை கிடைத்து மதுரைக்குப் போனேன். கூட்டாளி முதல் வகுப்பில் தேறி, அதே முதலாளியின் அச்சகத்தில் எந்திரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். கடிதம் போட்டான், நான்தான் பதில் போடவில்லை. காலில் விழுந்தவன் என்று எனக்கு அவனிடம் ஒரு இளக்காரம் இருந்தது.

சில வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகச் சிவகாசிக்குப் பஸ்ஸில் போனேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் பஸ் நின்றுவிட்டது. அந்த முதலாளியின் சவ ஊர்வலம். பூப்போட்ட லாரியில் அவரை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். முன்னால் பையன்கள் வரிசையாக நடந்தார்கள், அவர் படிக்க வைத்தவர்கள். 'நன்றி' என்று எழுதிய அட்டை ஆளுக்கு ஒன்று கையில். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி ஓரமாக நின்றார்கள்.

"சார், எறங்கி நில்லுங்க. பெரிய மனுசன் போறாரு," என்றார் கண்டக்டர்.

"போகட்டும்," என்றேன்.

லாரி எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்ததும் இருமி நின்றுவிட்டது. டிரைவர் என்னென்னவோ செய்து பார்த்தார், கிளம்பவில்லை. சித்திரை வெயில். வள்ளல் பெருந்தகைக்குக் குடை பிடிக்க ஆள் ஓடியது. கூட்டத்திலிருந்து ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து என்ஜின் மூடியைத் திறந்தான். என் கூட்டாளி. கால் மணி நேரம் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான். லாரி கிளம்பியது. கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டு நகர்ந்தது. அவன் அதோடு போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவன் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டான். பக்கத்தில் வந்தான்.

"ஏ சம்சாரி! எப்பலே வந்த?"

"இப்பத்தான். நீ போகலையா, மொதலாளி கூட?"

"வேல முடிஞ்சுச்சுல்ல." சிரித்தான். "அச்சாபீசுல ரெண்டு எந்திரம் நிக்குது. இன்னைக்கு எல்லாருக்கும் லீவு, இன்னைக்கு விட்டா பிரிச்சுப் பாக்க நேரம் கெடைக்காது. ஆத்தா ஒன்னைய கேட்டுக்கிட்டே இருக்கு. வீட்டுக்கு வா. இப்ப கம்பெனிக்குப் போறதில்ல, நான் நிப்பாட்டிட்டேன்."

"வாரேன்," என்றேன். அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. கறுப்புக் கையால் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சாலையில் சிதறிக் கிடந்த பூவை மிதித்துக்கொண்டு அச்சாபீஸ் தெருவுக்குள் போனான்.

பஸ் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. நான் கல்யாண வீட்டுக்குப் போனபோது தாலி கட்டி முடிந்து, கடைசிப் பந்தி உட்கார்ந்திருந்தது.